முதல் கார், ஐந்தரை வயது செடான்: திருப்பூர்க் குடும்பம் ஒன்று வாங்கிய விதம்

பின்னணி

2025 ஜனவரித் தொடக்கத்தில் திருப்பூரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் பழைய கார் ஒன்று வாங்க முடிவு செய்தது. கணவர் பனியன் கம்பெனியில் கணக்கர், மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. ஏழு வயது மகளும் கணவரின் பெற்றோரும் உடன் இருக்கிறார்கள். அதுவரை வீட்டில் இருந்தவை இரண்டு ஸ்கூட்டர்கள்தான். அப்பாவை மாதம் இரண்டு தடவை கோவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. கால் டாக்சிக்கு மட்டும் மாதம் ரூ.7,000 வரை போய்க்கொண்டிருந்தது.

சேமிப்பு 4 லட்சம், கடன் 3 லட்சம். 7 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பதில் குடும்பம் உறுதியாக இருந்தது. அந்த 7 லட்சத்தையும் வண்டியின் விலையாகவே முதலில் நினைத்திருந்தார்கள். முதல் கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஐந்தாறு வருடம் ஓடிய எந்த வண்டிக்கும் டயர், கிளட்ச், புஷ், ஆயில் என்று ஒரு சுற்றுச் செலவு காத்திருக்கும். அதற்குக் கையில் பணம் இல்லாவிட்டால் தேய்ந்த டயரோடும் வழுக்கும் கிளட்சோடும் குடும்பம் நெடுஞ்சாலையில் போகும். உடன் வர ஒப்புக்கொண்ட மெக்கானிக் முதல் நாளே பட்ஜெட்டை இரண்டாகப் பிரித்தார்: வண்டிக்கு அதிகபட்சம் 6.25 லட்சம், வாங்கிய பின் செய்யும் வேலைகளுக்கும் காகிதங்களுக்கும் 75,000. இந்தப் பிரிவினை கடைசி வரை மாறவில்லை.

எந்த வகை வண்டி

பின் சீட்டில் மூன்று பேர், அதில் இருவர் வயதானவர்கள். சின்ன ஹேட்ச்பேக்கில் அப்படி உட்கார்ந்து கோவை வரை 55 கி.மீ. போவது சிரமம். உயரமான எஸ்யுவி என்றால் இதே பணத்துக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் பழையதுதான் கிடைத்தது. மிட்சைஸ் செடான், அதாவது பின்னால் தனி டிக்கி உள்ள நடுத்தர அளவுக் காரின் விலை, அந்தச் சமயத்தில் ஒப்பீட்டளவில் இறங்கியிருந்தது. புது வண்டி வாங்குகிறவர்கள் எஸ்யுவி பக்கம் போனதன் பலன் பழைய செடான் வாங்குகிறவர்களுக்குக் கிடைக்கிறது.

செடானில் சீட் தாழ்வாக இருக்கும். அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவருமா என்பதுதான் சந்தேகம். பேப்பரில் இருக்கும் அளவை நம்பாமல், தெரிந்தவர் ஒருவருடைய மாருதி சியாஸ் செடானில் அவரையே உட்கார வைத்துப் பார்த்தார்கள். கால் வைத்து ஏறப் பார்த்தபோது வலித்தது. முதுகைக் காட்டி நின்று, சீட்டில் முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்தபோது வலிக்கவில்லை. பின் கதவு அகலமாகத் திறந்ததும் உதவியது. போர்டிகோவையும் அளந்தார்கள்: உள் நீளம் 16 அடி, அதாவது 4.88 மீட்டர். சியாஸ் 4.49 மீட்டர், 2014 முதல் 2020 வரை வந்த ஹோண்டா சிட்டி 4.44 மீட்டர். எது வந்தாலும் கேட் மூடும்.

டீசலா பெட்ரோலா என்பதில் வீட்டுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. உறவினர்கள் டீசல் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கோவைக்கு இரண்டு நடை 220 கி.மீ., தாராபுரம் பக்கம் சொந்த ஊருக்கு மூன்று நடை 330, உள்ளூரில் 150. மாதம் 700, வருடம் 8,400 கி.மீ. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தால் 560 லிட்டர், அன்றைய ரூ.101 விலையில் சுமார் ரூ.56,500. டீசல் 20 கொடுத்தால் 420 லிட்டர், ரூ.92.50 வீதம் சுமார் ரூ.39,000. மிச்சம் வருடத்துக்கு ரூ.17,500 தான். பழைய டீசலில் இன்ஜெக்டரோ டர்போவோ போனால் இரண்டு வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். பெட்ரோல் என்று முடிவானது. ஆட்டோமேட்டிக் வேண்டாம், மேனுவலே போதும் என்றும் முடிவு செய்தார்கள். கியர்பாக்ஸ் கோளாறு வந்தால் அந்த 75,000 தாங்காது என்பதே காரணம்.

பார்த்து ஒதுக்கிய வண்டிகள்

இரண்டு வண்டிகளை நேரில் பார்த்து ஒதுக்கினார்கள். குறை மாடலில் இல்லை, அந்த வண்டிகளுக்கு நடந்ததில் இருந்தது. அதனால் மாடல் பெயர் தேவையில்லை.

முதலாவது, கோவையில் ஒரு கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடையில்) நின்ற 2017 வண்டி. சென்னைப் பதிவு. பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தது, சந்தை விலையைவிட ரூ.70,000 குறைவு. சாயங்காலம் வேறு பார்ட்டி வருகிறது, 25,000 டோக்கன் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். மெக்கானிக் முன் சீட் பெல்ட்டை அதன் கடைசி வரை உருவினார். சாதாரணமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி ஒரு அடியில், துணியின் நெசவுக்குள் சாம்பல் நிறத்தில் வண்டல் படிந்து ஒரு கோடு இருந்தது. பெல்ட்டின் மேல் பகுதியைக் கழுவிவிட முடியும். சுருளுக்குள் இருப்பதைக் கழுவ யாரும் நினைப்பதில்லை. வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் அதையே சொன்னது. சீட் ரெயிலைத் தரையோடு பிடிக்கும் போல்ட் நான்கிலும் துரு. ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியின் மூலையில் காய்ந்த சேறு. டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த கனெக்டர் ஒன்றில் பச்சைக் களிம்பு.

காகிதமும் ஒத்துப்போனது. இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, 0%. ஏழு வருட வண்டியில், ஒரே உரிமையாளர் என்று சொல்லும்போது, அது 50% வரை ஏறியிருக்க வேண்டும். 0 என்றால் முந்தைய பாலிசி காலத்தில் கிளெய்ம் எடுத்திருக்கிறார்கள், அல்லது பாலிசி இடையில் விட்டுப்போயிருக்கிறது. கம்பெனி சர்வீஸ் பதிவுகள் 2023 நவம்பரோடு நின்றிருந்தன. அடுத்த மாதம்தான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. வெள்ளத்தில் நின்ற வண்டி உடனே கெடுவதில்லை. ஈரம் கண்ட கனெக்டர்கள் மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் யூனிட் பெரும்பாலான கார்களில் நடுக் கன்சோலுக்கு அடியில், தரையோடு ஒட்டி இருக்கிறது. விபத்து நேரத்தில் அது வேலை செய்யுமா என்பதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. குழந்தை போகும் வண்டியில் அந்த ரூ.70,000-க்கு மதிப்பே இல்லை.

இரண்டாவது, 2018 வண்டி, மீட்டரில் 41,000 கி.மீ. கிளட்ச் பெடல் ரப்பரின் வரிகள் மழுங்கியிருந்தன, ஸ்டீயரிங்கின் மேல் பகுதி வழுவழுத்திருந்தது. நான்கு டயரிலும் பக்கவாட்டில் 3522 என்ற எண்: 2022-ஆம் வருடம் 35-ஆவது வாரம் தயாரானவை. கம்பெனியோடு வந்த டயர் 2022-லேயே தேய்ந்து மாறியிருக்கிறது என்றால், 2025-லும் 41,000 தான் என்பது நம்பும்படி இல்லை. உரிமையாளரின் சம்மதத்தோடு சர்வீஸ் சென்டரில் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். 2022 மார்ச்சிலேயே 63,180 கி.மீ. மீட்டரைக் குறைத்தது அவரா, அவருக்கு விற்றவரா என்று யாரும் விசாரிக்கவில்லை. வண்டியை ஒதுக்க அந்த ஒரு எண் போதும்.

வாங்கிய வண்டியில் கண்டவை

மூன்றாவது, ஈரோட்டில் ஓய்வுபெற்ற ஒருவர் நேரடியாக விற்ற 2019 சியாஸ். ஜூன் மாதப் பதிவு, 1.5 லிட்டர் பெட்ரோல், மேனுவல், 58,400 கி.மீ., ஒரே உரிமையாளர். எல்லா சர்வீஸ் பில்லும் ஒரு ஃபைலில் வரிசையாக இருந்தன, கிலோமீட்டரும் தேதியும் ஒன்றோடொன்று பொருந்தின. கேட்ட விலை 6.60 லட்சம்.

முந்தைய நாள் இரவே மெக்கானிக் போனில் சொல்லிவிட்டார்: "சார், காலைல ஆறரைக்கு வர்றோங்க. அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வச்சிருங்க." காரணம் உண்டு. சூடாக இருக்கும் எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். வால்வு சீல் தேய்ந்திருந்தால் இரவு முழுவதும் கசிந்த ஆயில் காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகையாக வரும். அரை மணி கழித்துப் பார்த்தால் தெரியாது. போனதும் முதலில் பானட்டில் கை வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் ஆனதும் இரண்டு விநாடி சலசலப்பு, ஆயில் ஏறியதும் அடங்கியது. சைலென்சரில் வெள்ளையாக வந்தது நீராவி. ஜனவரிக் காலையில் அது இயல்பு, எஞ்சின் சூடானதும் நின்றது. இனிப்பு வாடையோடு விடாமல் வந்தால்தான் கூலன்ட் எரிகிறது என்று பொருள். ஆயில் மூடியின் உட்புறம் சுத்தம், வெண்ணெய் போன்ற படிவு இல்லை.

பெயின்ட் கனம் அளக்கும் கருவியை ஒவ்வொரு பேனலிலும் ஐந்து இடத்தில் வைத்தார்கள். பெரும்பாலும் 95 முதல் 130 மைக்ரான், கம்பெனி பெயின்ட்டுக்கு உரிய அளவு. இடது பின் கதவில் மட்டும் 280 முதல் 340. அது மறுபடி அடித்த பெயின்ட். பட்டி போட்டு நிரப்பியிருந்தால் 500-ஐத் தாண்டி, பல நேரம் 1,000-க்கு மேல் போகும். விற்பவர் கேட்டில் உரசியதாகச் சொன்னார், அந்த பில்லும் ஃபைலில் இருந்தது. கதவு ரப்பரைக் கழற்றி பில்லரில் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைப் பார்த்தார்கள். சீரான இடைவெளியில், கம்பெனி வெல்டிங்காகவே இருந்தன. பானட்டுக்கு அடியில் ஏப்ரனிலும் (எஞ்சின் அறையின் பக்கவாட்டுத் தகடு) டிங்கரிங் வேலை நடந்த அடையாளம் இல்லை.

ஸ்கேனர் போட்டதில் பிழைக் குறியீடு (எரர் கோட்) எதுவும் இல்லை. குறியீடு இல்லை என்பதோடு நிறுத்தக் கூடாது. பார்க்க வரும் நாளன்று காலையில் குறியீட்டை அழித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி அழித்தால் வண்டியின் சுயபரிசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும். பல கிலோமீட்டர் ஓடினால்தான் அவை மறுபடி நிறைவடையும். இந்த வண்டியில் எல்லாம் முடிந்திருந்தன. 2018 ஆகஸ்டுக்குப் பின் வந்த பெட்ரோல் சியாஸில் லித்தியம் துணை பேட்டரியும், பெல்ட்டில் ஓடும் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரும் உண்டு. இரண்டும் விலை கூடியவை. நியூட்ரலில் நிறுத்தியதும் எஞ்சின் தானாக அணைகிறதா, கிளட்சை மிதித்ததும் உதறாமல் எழுகிறதா என்று நான்கைந்து தடவை பார்த்தார்கள். சரியாக இருந்தது.

பெருந்துறை ரோட்டில் 18 கி.மீ. ஓட்டியபோதுதான் குறைகள் வந்தன. நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் ஆர்பிஎம் முதலில் ஏறி, வேகம் பின்னால் வந்தது. கிளட்ச் வழுக்குகிறது. வேகத்தடையில் முன்பக்கம் 'டக் டக்' என்றது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்ததில் முன் சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷில் விரிசல், சஸ்பென்ஷனின் லிங்க் ராடில் ஆட்டம். எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவர் ஓரத்தில் ஆயில் கசிவு. டயர் பட்டன் (ரப்பர் வரிகளின் உயரம்) இன்னும் பாதி இருந்தது, ஆனால் நான்கும் 2019 தயாரிப்பு. ஓரங்களில் மயிரிழை வெடிப்பு. பட்டன் இருக்கிறதே என்று இப்படிப்பட்ட டயரை வைத்துக்கொள்வது தவறு. ரப்பர் இறுகியபின் ஈர ரோட்டில் பிடிமானம் இருக்காது, கோடை வெயிலில் வெடிக்கவும் கூடும்.

எஞ்சின் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யவில்லை. ஐடிலிங் சீராக இருந்து, புகை இல்லாமல், ஆயில் அளவும் குறையாத எஞ்சினுக்கு அது தேவைப்படவில்லை.

விலை பேசியது

மெக்கானிக் குறைகளைத் திருப்பூர் பட்டறை விலையில் எழுதிக் கொடுத்தார்: நான்கு டயர் அலைன்மென்ட், பேலன்சிங்கோடு ரூ.24,000, கிளட்ச் செட் கூலியோடு ரூ.11,500, லோயர் ஆர்ம், லிங்க் ராடு ரூ.7,000, டேப்பட் கவர் கேஸ்கெட் ரூ.1,200, எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் ரூ.7,300. மொத்தம் ரூ.51,000. அந்தத் தாளை விற்பவரிடமே காட்டினார்கள். வெறுமனே குறைத்துக் கேட்பதற்கும், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று வைத்துப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்தது. ஆயில் மாற்றுவது வாங்குகிறவர் செலவு என்று அவர் சொன்னது நியாயம்தான். 6.20 லட்சத்தில் முடிந்தது. ஜனவரி 19 அன்று ரூ.10,000 மட்டும் முன்பணம், அதுவும் எழுத்தில்: கடன் பதிவு நீங்கி, நிலுவை அபராதம் கட்டி, 30 நாளில் ஒப்படைக்காவிட்டால் பணம் திரும்ப வேண்டும்.

காகிதங்களில் நேர்ந்த தாமதம்

அன்று மாலை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் பார்த்தபோது ஆர்சியில் வங்கியின் எச்பி (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு) அப்படியே இருந்தது. விற்பவர் 2023-லேயே கடனை அடைத்து என்ஓசியும் (வங்கியின் ஆட்சேபனை இல்லாச் சான்று) வாங்கியிருந்தார். ஆர்டிஓ ஆபீசில் எச்பி கேன்சல் செய்யாமல் ஃபைலில் வைத்துவிட்டார். அந்த என்ஓசிக்கு மூன்று மாதம்தான் ஆயுள், காலாவதியாகியிருந்தது. வங்கியில் புது என்ஓசி, எச்பியை நீக்கும் படிவம் 35 இரண்டு பிரதி, விண்ணப்பம் என்று ஆனது. ஈ-செலானில் இரண்டு வேக அபராதம் நிலுவை. அவற்றை அவர் அன்றே கட்டினார்.

பிப்ரவரி 11 தைப்பூசம். வண்டியில் பழனி போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. விற்பவரும் நல்ல மனிதர். வண்டியை எடுத்துப் போங்கள், காகிதம் பின்னால் வரட்டும் என்றார். குடும்பம் எடுக்கவில்லை. எச்பி நீங்காத வண்டியை, அந்த வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சட்டப்படி தங்கள் பெயருக்கு மாற்ற முடியாது, கடன் தரும் வங்கியும் பணம் விடாது. விற்பவருக்கும் அது ஆபத்து: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தைப்பூசத்துக்கு மற்றவர்கள் பஸ்ஸில் போனார்கள், அம்மா வீட்டில் இருந்தார். பிப்ரவரி 13 அன்று வண்டி கைக்கு வந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதியிலும் படிவம் 30-லும் அன்றே கையெழுத்தானது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓ ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸையும் அன்றே மாற்ற விண்ணப்பித்தார்கள். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு (அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கானது) வண்டியோடு வந்துவிடும். சொந்த வண்டிக்கான சேதப் பாதுகாப்பு, 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்டால்தான் தொடரும். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது விற்றவருடையது. மீதி மாதங்களுக்கு அந்தத் தள்ளுபடியைத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது, ரூ.3,100. பழைய ஃபாஸ்டேக்கை விற்றவர் மூடிய பிறகு புதியது ஒட்டினார்கள்.

வாங்கிய பின்

எழுதிய வேலைகள் அனைத்தும் முதல் வாரத்திலேயே முடிந்தன, அதே ரூ.51,000-க்குள். ஐந்து வாரத்தில் புது ஆர்சி வந்தது. பயிற்சியாளர் ஒருவரை வைத்து, சொந்த வண்டியிலேயே ஆறு நாள் கணவர் ஓட்டிப் பழகினார். இரண்டாவது வாரத்தில் கேட் தூணில் இடது கதவு லேசாக உரசியது.

தவறிப்போனது ஏப்ரலில் தெரிந்தது. அவினாசி ரோட்டில் சிக்னலில் நின்றால் ஏசி வெறும் காற்றைத்தான் ஊதியது. ஓடும்போது மட்டும் கொஞ்சம் குளிர்ந்தது. கண்டென்சரின் கீழ் மூலையில், கிரில் வழியே கல் அடித்த இடத்தில் கசிவு. அந்த இடத்தில் தூசி ஆயிலோடு ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருந்தது, ஜனவரியிலேயே டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கண்டென்சர், கேஸ், கூலி சேர்ந்து ரூ.12,400. எஞ்சினுக்காகக் குளிர்ந்த காலையைத் தேர்ந்தெடுத்தது சரிதான், ஆனால் அந்தக் குளிரில் ஏசியை மூன்று நிமிடம் போட்டுப் பார்த்ததை வைத்து நல்லது என்று எழுதியது தவறு.

இன்னொன்று சாவி. ஒரு சாவிதான் கைக்கு வந்தது. இரண்டாவது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டான இம்மொபிலைசரில் பதிந்து புதுச் சாவி செய்ய ரூ.4,800 ஆனது.

பெயர் மாற்றச் செலவு ரூ.6,500-ஐயும் சேர்த்தால் மொத்தக் கணக்கு ரூ.6,97,800. அந்த 75,000-ஐ முதலிலேயே ஒதுக்காமல் இருந்திருந்தால் ஏசிக்குக் கடன் வாங்கியிருப்பார்கள். 2025 டிசம்பர் வரை 7,100 கி.மீ. ஓடியிருக்கிறது, லிட்டருக்கு 14.5 கிடைக்கிறது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டி என்பதால் இ20 பெட்ரோலுக்காக (20% எத்தனால் கலந்தது) ஒவ்வொரு சர்வீஸிலும் எரிபொருள் ஹோஸ்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து பழனிக்குச் சித்திரையில் போய்வந்தார்.

திரும்பச் செய்தால்

ஆர்சி விவரத்தைப் பார்ப்பது கடைசியில் அல்ல, போனில் வண்டி எண் கிடைத்த உடனேயே நடக்க வேண்டும். எச்பி இருந்தால் அன்றே சொல்லி, வண்டியைப் பார்க்கும் முன்பே விற்பவரை வங்கிக்கு அனுப்பியிருக்கலாம். மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

வண்டியை இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஒன்று விடியற்காலையில், எஞ்சினுக்காக. இன்னொன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, ஏசிக்காக: வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஐடிலிங்கில் பதினைந்து நிமிடம் ஏசி ஓட வேண்டும். நடு வென்ட்டில் சமையலறைத் தெர்மாமீட்டரைச் செருகினால் 8 முதல் 12 டிகிரிக்குள் வந்து நிற்க வேண்டும். நின்ற இடத்தில் 18, 20 என்று ஏறி, ஆர்பிஎம் கூட்டினால் மட்டும் இறங்கினால் கேஸ் குறைவு, அல்லது முன் ஃபேன் ஓடவில்லை. அதே பதினைந்து நிமிடத்தில் எஞ்சின் சூட்டு முள்ளும் நடுவைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

முன்பணத் தாளில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: இரண்டு சாவி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, சர்வீஸ் புத்தகம். இந்த வண்டியில் ஜாக்கி இருந்தது, ஸ்பேனர் இல்லை. அது தெரிந்தது தாராபுரம் ரோட்டில் பஞ்சரானபோது.